முதல் வருடம் மண்ணுக்கு: வீட்டுத் தோட்டம் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடித்த நோட்டு தருகிறோம். பத்தாம் வகுப்பு முடியும்வரை அதே நோட்டுதான். வீட்டைச் சுற்றிச் சும்மா கிடக்கும் இடத்தை ஐந்து வருடத்தில் தோட்டமாக்க வேண்டும், நடப்பதையெல்லாம் அளந்து அதில் எழுதிவர வேண்டும். இதற்கு மதிப்பெண் இல்லை. எழுதுவது பிள்ளைகளின் வேலை என்றாலும் கடப்பாரை பிடிப்பதும் இடத்தை முடிவு செய்வதும் நீங்கள்தான். அதனால் கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே நர்சரிக்குப் போய் வண்டி நிறையச் செடி ஏற்றி வந்துவிடாதீர்கள். வீட்டுத் தோட்டங்கள் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே சோர்ந்துபோவது இதனால்தான். வீடு கட்டும்போது லாரியும் ஆட்களும் ஏறி மிதித்த மண் அது. மேல்மண் போய், அடிமண்ணும் ஜல்லியும் சிமென்ட் கட்டியும் கலந்து இறுகிக் கிடக்கும். அதில் எவ்வளவு நல்ல செடி வைத்தாலும் வேர் ஒரு சாண் இறங்கி நின்றுவிடும். முதல் வருடத்தை மண்ணுக்குக் கொடுங்கள், அடுத்த நான்கு வருடமும் உங்களுக்கு வேலை குறையும்.

மண் எப்படிப்பட்டது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண். கல், வேர் நீக்கியதாக இருக்கட்டும், ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த ஓரிரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். கடைசியாகப் படியும் களிமண்ணுக்கு ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். மேலே மிதக்கும் கறுப்புத் துணுக்குகள் மட்கிய இலைதழை. எதுவும் வளர்க்காமல் கிடந்த மண்ணில் அது அநேகமாக இருக்காது. ஸ்கேல் வைத்து மூன்று அடுக்கையும் அளந்து நோட்டில் எழுதட்டும். மணலும் வண்டலும் ஏறக்குறைய சமமாகவும், களி ஐந்தில் ஒரு பங்காகவும் இருந்தால் மண் நன்றாக வசப்படும்.

இன்னொரு சோதனை வடிகால். 30 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்தபின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 3 முதல் 7 செ.மீ. இறங்கினால் கவலையில்லை. 2 செ.மீ.க்கும் குறைவென்றால் வேர் மூச்சுத் திணறும், அங்கே 20 முதல் 30 செ.மீ. உயர்த்திய மேட்டுப்பாத்திதான் சரி. 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் தண்ணீரோடு சத்தும் ஓடிவிடும், அதற்கு மருந்து மட்கு உரம் மட்டுமே. களிமண் என்று மணலை வாங்கிக் கொட்டாதீர்கள். கொஞ்சம் மணல் சேர்ந்த களி, காய்ந்தபின் முன்னைவிடக் கெட்டியாகும்.

வெயிலையும் குறித்துவையுங்கள். காலை எட்டு, நடுப்பகல், மாலை நான்கு என்று மூன்று வேளையும் சுவர் நிழல் விழும் எல்லையை மாதம் ஒருநாள் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்து, நோட்டில் படமாகப் போடச் சொல்லுங்கள். சூரியனின் பாதை வருடத்தில் வடக்கும் தெற்குமாக நகர்வதால், இப்போது முழு வெயில் விழும் மூலை ஆறு மாதம் கழித்து நிழலில் இருக்கலாம். காய்கறிக்கும் பழமரத்துக்கும் குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். ஒரு வருடம் குறித்த படம் கையில் இருந்தால் மரத்தின் இடம் தானே தெரியும்.

இனி மண்வேலை. சிமென்ட் கட்டி, சுண்ணாம்பு, ஓட்டுச்சில்லு, கண்ணாடி எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். கண்ணாடியைப் பெரியவர்கள் மட்டும் எடுக்க வேண்டும். சிமென்ட் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடைப்பகுதி மஞ்சளாக வெளுத்த இளந்தளிர்தான் இதற்கு அடையாளம். பலர் அதைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் உரம் போடுகிறார்கள், பயனில்லை. முதிர்ந்த இலை மொத்தமாக மஞ்சளானால் அது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்ததன் அடையாளம், வேறு கதை.

இறுகிய மண்ணைக் கடப்பாரையால் நெம்பித் தளர்த்தினால் போதும், தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. ஈரம் சரியாக இருக்கும் நாளில் செய்யுங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று உருண்டையாகவே நின்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ஈரக்களியில் இறங்கி மிதித்தால் அது காய்ந்து செங்கல்போல் ஆகிவிடும்.

தளர்த்திய இடத்தில் முதல் மழைக்கு சணப்பையோ தக்கைப்பூண்டோ தட்டைப்பயறோ தூவிவிடுங்கள். சணப்பை, தக்கைப்பூண்டு என்றால் சதுர மீட்டருக்கு 5 கிராம் விதை போதும். இவற்றின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. பூ எடுக்கத் தொடங்கும் சமயத்தில், சுமார் 45 நாளில், அறுத்து மண்ணோடு கலந்துவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் எதையும் நட வேண்டும். விதை முற்றவிட்டால் தண்டு நார் பாய்ந்து மட்க நாளாகும்.

கோரைப்புல் உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அட்டை போட்டு மூடினாலும், பிளாஸ்டிக் விரித்தாலும் அதன் முனை துளைத்துக்கொண்டு வரும். மண்வெட்டியால் கொத்தினால் கிழங்குச் சரம் அறுந்து, ஒன்று பத்தாகும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தை ஆழமாக விட்டுக் கிழங்கோடு நெம்பி எடுங்கள். மறுபடி முளைப்பதைப் புதுக்கிழங்கு வைக்கவிடாமல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கின் இருப்பு தீர்ந்துபோகும். ஒரு வருடத்தில் ஒழியாது, அதற்குத் தயாராக இருங்கள். மற்ற களைகளுக்கு அட்டை போதும். ஒட்டுநாடாவைப் பிரித்துவிட்டு, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே 10 செ.மீ. காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள்.

மட்கு உரம் வீட்டிலேயே வேண்டும். சதுர மீட்டர் பாத்திக்கு 5 செ.மீ. கனம் பரப்ப 50 லிட்டர் தேவை என்றால் கணக்குப் பாருங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் சூடேறும். காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டை இரண்டு மூன்று பங்குக்குச் சமையலறைக் கழிவும் பச்சைத் தழையும் ஒரு பங்கு. கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வருகிற ஈரம். நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ்வரை ஏறும், கை வைக்க முடியாது. சூடு தணிந்ததும் கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் பச்சை அதிகம், காய்ந்த இலை சேருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் குவியல் காய்ந்திருக்கும். ஒழுங்காகக் கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் உரமாகிவிடும். அரைகுறையாக மட்கியதை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும். மேலாகப் பரப்பினால் பிரச்சினையில்லை.

பாத்தியை மண்ணில் கயிறு கட்டி அளந்து போடுங்கள். பெரியவர் இருபுறமும் நின்று வேலை செய்ய 1.2 மீட்டர் அகலம் சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு 80 செ.மீ.தான் எட்டும். எட்டாவிட்டால் பாத்திக்குள் காலை வைப்பார்கள், தளர்த்திய மண் மறுபடி இறுகும். நடைபாதைக்கு 50 செ.மீ. விடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள், ஈரமும் கரையானும் ஏறும். சுவருக்கும் பாத்திக்கும் இடையே ஒரு முழமாவது இருக்கட்டும், தண்ணீர் வீட்டைவிட்டு வெளிப்பக்கம் ஓடும்படி சரிவும் இருக்கட்டும்.

மரம் மட்டும் முதல் வருடக் கடைசியிலேயே வைத்துவிடலாம், வளர அதற்குத்தான் காலம் அதிகம் வேண்டும். எலுமிச்சைக்கு 3 முதல் 4 மீட்டர், கொய்யாவுக்கு 4 முதல் 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். ஆல், அரசு வகையைக் கழிவுநீர்த் தொட்டிக்கோ அஸ்திவாரத்துக்கோ பக்கத்தில் வைக்கவே வேண்டாம். ஆழக் குழி தோண்டி, நிறைய எரு கொட்டி, அன்றே கன்றை நடும் வழக்கத்தில் ஒரு கோளாறு உண்டு. எரு மட்கமட்க உள்ளே அமுங்கும், கன்றும் கூடவே இறங்கும், தண்டின் அடி மண்ணுக்குள் போய் அழுகும். வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, மட்கை மேலே பரப்புங்கள்.

நடும் அந்த ஐந்து நிமிடம்தான் மரத்தின் தலையெழுத்து. கறுப்புப் பையைக் கட்டாயம் கிழித்து எடுங்கள், பையோடு புதைக்கப்பட்ட கன்று ஏராளம். பை உரிந்ததும் வேர்க்கட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால், கூர்மையான கத்தியால் பக்கவாட்டில் மூன்று இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் சுருண்டதை வெட்டிவிடுங்கள். வெட்ட மனம் வராதுதான். வெட்டாமல் விட்டால் அந்த வட்டம் அப்படியே தடித்து, சில வருடம் கழித்து மரத்தைத் தானே நெரிக்கும், அல்லது பெருங்காற்றில் சாய்த்துவிடும். தண்டு வேராக விரியத் தொடங்கும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். ஒட்டுக்கன்றானால் ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். ஒட்டு மாவில் முதல் இரண்டு வருடப் பூவையும் கிள்ள வேண்டும். பிள்ளைகள் வருந்துவார்கள், மரத்தின் பலம் காய்க்குப் போகாமல் வேருக்கும் கிளைக்கும் போகத்தான் என்று சொல்லிக் கொடுங்கள். முட்டுக்குச்சி ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் தினமும் கொஞ்சம் தெளிப்பதுதான் பெரிய கெடுதல். மேலாக நனைந்த மண்ணில் வேரும் மேலாகவே படரும், நீங்கள் நான்கு நாள் ஊருக்குப் போனால் செடி வாடிவிடும். சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர் என்பது 25 மி.மீ. மழைக்குச் சமம். அதை இரண்டு தடவையாக, அதிகாலையில், வேர்ப்பக்கமாக ஊற்றுங்கள். மழை பெய்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம், வெயில் கொளுத்தினால் கூட்டலாம். ஊற்றுவதற்கு முன் விரலை நுழைத்துப் பாருங்கள், இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். மரக்கன்றுக்கு வட்டப்பாத்தியைத் தண்டை ஒட்டி அல்லாமல் இலைவிரிவின் ஓரமாகப் போட்டு, வருடாவருடம் வெளியே நகர்த்துங்கள். மூடாக்கு 7 முதல் 10 செ.மீ. இருக்கட்டும், தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விடுங்கள்.

இரண்டாம் வருடம் புதர்ச்செடிகளும் வேலியும். ஒன்றரை மீட்டர் விரியும் செடிக்கு ஒன்றரை மீட்டர் விடுங்கள். இடைவெளி மொட்டையாகத் தெரிகிறதே என்று நெருக்கி நட்டால் மூன்றாம் வருடம் பாதியைப் பிடுங்க வேண்டிவரும். இடையில் சாமந்தி, கீரை, கொத்தவரை போன்ற சில மாதச் செடிகளைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

பூச்சிக்கு உடனே மருந்தைத் தேடாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் தளிர் மெதுமெதுவென்று வரும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அதில்தான் மொய்க்கும். எறும்பு தண்டில் ஏறி இறங்கினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று பொருள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முதலையைப்போல் நீண்டு, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊரும் புழு பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்பது அதுதான், நசுக்கிவிட வேண்டாம்.

மூன்றாம் வருடத்துக்குப்பின் நிழல் கூடும். காய்கறிப் பாத்தியை வெயிலுக்கு நகர்த்தி, பழைய இடத்தில் அரைநிழல் தாங்கும் இஞ்சி, மஞ்சள், சேம்பு வையுங்கள். கூட்டமாகப் பெருத்த கிழங்குச் செடிகளைப் பிரித்து நடலாம். காய்ந்த கிளை, உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, இந்த மூன்றையும் முதலில் வெட்டிக் கவாத்துச் செய்யுங்கள். மரத்தின் உச்சியை மொட்டையடிப்பது கவாத்து ஆகாது.

பிள்ளைகள் நடமாடும் தோட்டம் என்பதால் விஷமுள்ள அரளி, ஊமத்தை, ஆமணக்கு வேண்டாம். தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள், முட்டை கொசுவாக ஏழெட்டு நாளே போதும். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி கட்டாயம். டெட்டனஸ் தடுப்பூசி தவணை விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள். மண்வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

காலி இடம் இல்லாத வீடுகள் வருந்த வேண்டாம். பள்ளி வளாகத்தில் அந்தப் பிள்ளைகளுக்கென்று பாத்தி ஒதுக்கியிருக்கிறோம், நோட்டு எழுதுவது எல்லோருக்கும் ஒன்றுதான்.

இந்த மாதம் நீங்கள் செய்ய வேண்டியவை: பாட்டில் சோதனை, குழிச் சோதனை, முதல் நிழல் படம். ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் எடுக்கும் புகைப்படத்துக்கு, நிற்கும் இடத்தில் ஒரு செங்கல்லைப் பதித்துவிடுங்கள். மூன்று அளவுகளையும் எழுதிய நோட்டை, கீழே உங்கள் கையெழுத்தோடு, மாதக் கடைசி வேலைநாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கடப்பாரை இல்லாதவர்கள் பள்ளியில் இரவல் பெற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்