ஸ்டானேஜும் யோசெமிட்டியும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. கலிபோர்னியாவில் உன்னோடு பாறை ஏறுகிறவர்கள் 'ஷெஃபீல்டுக்காரி' என்று உன்னை ஓட்டுகிறார்களாமே. ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஸ்டானேஜ் மாதிரி பத்து மீட்டர் பாறைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கிறார்களாம். விடாதே, நீயும் திருப்பிக் கொடு. பிரிட்டிஷ் ஏறுநர்களும் அமெரிக்க ஏறுநர்களும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே எவ்வளவோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேலிகளுக்கு அடியில் பாறை சம்பந்தமான விஷயம் ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் வாய் பேசினால் மேலே போய் மாட்டிக்கொள்வாய்.

கருவியில் இருந்து ஆரம்பி. வேல்ஸில் ஸ்னோடன் மலையின் கிளாகி பாறைக்கு ஏறப் போனவர்கள், ரயில் பாதை ஓரம் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே இருக்கும் மரை கயிற்றை அறுத்துவிடும் என்பதால் அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, துளையில் கயிறு கோத்து விரிசலில் செருகினார்கள். 1961ல் ஜான் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் ஏறுவதற்கென்றே 'ஏகார்ன்' என்ற நட்டைச் செய்தார். அமெரிக்காவில் அப்போது பிட்டன் என்ற கெட்டி எஃகு ஆணிதான். சுத்தியலால் அடித்து இறக்குவது, பிறகு அடித்துப் பிடுங்குவது; கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு விரிசல்களில் அந்தத் தழும்புகளை இன்றும் பார்க்கலாம். 1966ல் பிரிட்டனுக்கு வந்த அமெரிக்கர் ராயல் ராபின்ஸ் நட்டுகளைப் பார்த்துவிட்டுப் போய், 1967ல் மனைவி லிஸ்ஸோடு ஒரு பிட்டன்கூட அடிக்காமல் புதுத் தடம் ஒன்று ஏறினார். அதுதான் மென்யூர் பைல் பட்ரஸில் இருக்கும் நட்கிராக்கர். பிட்டன் விற்றுப் பிழைத்த இவான் ஷுனார்டே 1972 விற்பனைப் பட்டியலில் பிட்டனை விடுங்கள், நட்டுக்கு மாறுங்கள் என்று சொன்னார். அவர்கள் பாறையைக் காப்பாற்றியது வேல்ஸ் ரயில் பாதை என்று நீ தாராளமாகச் சொல்லலாம்.

உடனே அவர்கள் 'ஃப்ரெண்ட்' யார் கண்டுபிடித்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விரிசலில் வைத்தால் விரிந்து இறுகும், சுருள்வில் வைத்த அந்தக் கேம் என்ற கருவியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ரே ஜார்டின். ஆனால் அதைத் தயாரித்து 1978ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது டெர்பிஷைரில் மார்க் வாலன்ஸ் தொடங்கிய வைல்ட் கன்ட்ரி. எவ்வளவு விரிந்தாலும் பாறையைத் தொடும் கோணம் மாறாதபடி கேமின் வளைவு அமைந்திருக்கிறது, அந்தக் கோணம் 13.75 டிகிரி. இழுவை கூடக்கூடப் பிடியும் இறுகும்.

அந்தப் பழைய ஃப்ரெண்டில் ஒரு சிக்கல் இருந்தது. தண்டு வளையாத கட்டை. யோசெமிட்டியின் செங்குத்து விரிசலில் அது கீழ்நோக்கிப் படுத்துக்கொள்ளும், தொந்தரவில்லை. ஸ்டானேஜில் விரிசல்கள் பெரும்பாலும் கிடையாக ஓடுகின்றன. அதில் வைத்தால் தண்டு விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தால் எடை நுனியில் இறங்கி, விளிம்பில் தண்டு மடங்கும், முறியவும் செய்யும். இதற்கு வழி, கேம் தலைக்குப் பக்கத்தில் தண்டில் இருக்கும் துளையில் மெல்லிய கயிற்றைக் கோத்து, காரபினர் வளையத்தை அதில் மாட்டுவது. யாராவது பழைய சாமானைக் கையில் கொடுத்தால் அந்தத் துளையைப் பார்த்துக்கொள். இப்போது வரும் கேம்களில் தண்டு வளையும் கம்பிவடம் என்பதால் இந்தக் கவலை பெரும்பாலும் போய்விட்டது.

அடுத்தது தர எண். சண்டை அதிகம் நடப்பது இதில்தான், ஆபத்தும் இதில்தான். அமெரிக்க 5.9, 5.10ஏ எல்லாம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: எவ்வளவு கடினம்? பாதுகாப்பு மோசமாக இருந்தால் பின்னால் ஆர், எக்ஸ் என்று எழுத்து சேர்ப்பார்கள், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. நம்முடையது இரண்டு பகுதி. விஎஸ், எச்விஎஸ், ஈ1 என்று ஏறிக்கொண்டே போவது மொத்தத் தடத்தின் தன்மை. 4சி, 5ஏ, 5பி என்று போவது ஆகக் கடினமான ஓர் அசைவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் செய்தி முழுசாகக் கிடைக்கும். ஈ1க்கு வழக்கமான அசைவு 5பி. ஈ1 5சி என்றிருந்தால், கடின இடம் குட்டையாக, பக்கத்திலேயே நல்ல நட்டோடு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஈ1 5ஏ என்றால் அசைவு எளிது, ஆனால் விழக் கூடாத இடத்தில் வரும், அல்லது தடம் முழுக்க ஓய்வே இருக்காது.

ஃபிராகட் பாறையில் இருக்கும் த்ரீ பெபிள் ஸ்லாப் என்ற தடம் சரியான உதாரணம். ஈ1 5ஏ. அசைவை மட்டும் மாற்றிச் சொன்னால் ஏறக்குறைய 5.9. உன் நண்பர்கள் அதை நம்பி ஏறினால், மேல் பாதியில் நட்டு வைக்க இடம் கிடைக்காமல் கால் நடுங்க நிற்பார்கள். அங்கே பிடி என்பதே இல்லை, ஷூ ரப்பரை நம்பி நிற்க வேண்டும்.

திருப்பிப் பார்த்தால் உனக்கும் அதே கதிதான். அமெரிக்க அளவுகோல் தொடக்கத்தில் 5.9ல் முடிந்துவிட்டது. அதற்கு மேல் கடினமாக ஏறினாலும் 5.9 என்றே எழுதினார்கள், மனசு கேட்காவிட்டால் 5.9+ என்று போட்டார்கள். அதனால் யோசெமிட்டியின் பழைய 5.9 என்பது பலமுறை உடம்பு முழுக்க நுழைகிற அகல விரிசல், தோலை உரித்துவிடும். தடம் முதலில் ஏறப்பட்ட வருஷத்தைப் பார். 1960களுக்கு முந்தையது என்றால் ஒரு படி கூட்டிக்கொள். நட்கிராக்கர் 5.8, ஐந்து பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள் ஏறும் பகுதி), நம் விஎஸ்ஸுக்குப் பக்கம். உன் முதல் யோசெமிட்டித் தடம் அதுவாகவே இருக்கட்டும்.

'கொஞ்சூண்டு கேமை வைத்துக்கொண்டு வருகிறார்கள்' என்ற கேலியில் உண்மை இருக்கிறது. ஸ்டானேஜ் மாதிரி கிரிட்ஸ்டோனுக்கு (சொரசொரப்பான மணற்கல்) இரண்டு செட் நட்டு, ஒரு செட் கேம் போதும். யோசெமிட்டியில் விரல் அளவிலிருந்து முஷ்டி அளவு வரை கேம் இரண்டிரண்டு வேண்டும். யூட்டாவின் இண்டியன் கிரீக்கில் விரிசல் முப்பது மீட்டருக்கு ஒரே அகலத்தில் போகும். ஒரே அளவு கேம் ஆறு, எட்டு கேட்கும், நட்டு அநேகமாக உதவாது. கை ஜாம் நமக்குப் புதிதில்லை, நம் பழைய ஏறுநர்கள் ஜோ பிரவுனும் டான் வில்லன்ஸும் அதில் கைதேர்ந்தவர்கள். கையை உள்ளே விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கினால் அடிச்சதை புடைத்து இரு சுவரையும் அழுத்தும். வலித்தால் ஜாம் சரியில்லை என்று அர்த்தம். இங்கே நாலு ஜாமில் தடம் முடிந்துவிடும், அங்கே நாற்பது போட வேண்டும். கையில் டேப் சுற்றிக்கொள்.

கயிறு விஷயத்தில் இரண்டு பக்கமும் சரி. தடம் இடமும் வலமுமாக அலையும்போது 8.5 மி.மீ. கயிறு இரண்டு இருந்தால் உராய்வு குறையும். நேரான விரிசலில் 9.5 மி.மீ. கயிறு ஒன்று, 60 அல்லது 70 மீட்டர், வேகமாகப் போகலாம். ஒற்றைக் கயிறு என்றால் அதை இரட்டையாக மடித்துப் போட வேண்டும், 60 மீட்டரில் 30 மீட்டர்தான் இறங்க முடியும். இரு நுனியிலும் முடிச்சுப் போடாமல் இறங்காதே. ஆங்கருக்கு, அதாவது மேலே நம்மைப் பாறையோடு கட்டிக்கொள்வதற்கு, அவர்கள் கார்ட்லெட் என்ற 7 மி.மீ. துணைக்கயிற்றை ஆறு மீட்டர் கொண்டுவருவார்கள். மூன்று புள்ளியைச் சேர்த்து ஒரே முடிச்சில் முடித்துவிடலாம், ஒருவரே எல்லா பிட்சும் முன்னால் போவதாக இருந்தால் அருமை. ஸ்டானேஜ் உச்சியில் அது எட்டாது. ஆங்கர் பாறை விளிம்பிலிருந்து ஐந்தாறு மீட்டர் பின்னால் இருக்கும். ஏறும் கயிற்றையே கிளோவ் முடிச்சால் கட்டிக்கொண்டு விளிம்பில் வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் கீழே இருப்பவர் கண்ணில் படுவார்.

குரல் கொடுப்பதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அமெரிக்கர் 'டேக்' என்றால் இறுக்கிப் பிடி, நான் தொங்கப்போகிறேன் என்று பொருள். நாம் 'டேக் இன்' என்பது தொய்வை இழுத்துக்கொள் என்பதற்கு. யாராவது 'டேக் இன் த ஸ்லாக்' என்று கத்த, காற்றில் கடைசி வார்த்தை மட்டும் கேட்டால் கீழே இருப்பவர் கயிற்றை விட்டுக்கொடுப்பார். கயிறு வேண்டும் என்றால் ஒழிய 'ஸ்லாக்' என்று வாயைத் திறக்காதே. மேலே போய் ஆங்கர் கட்டியதும் நாம் 'சேஃப்' என்போம், அவர்கள் 'ஆஃப் பிலே' என்பார்கள்; இரண்டுக்கும் கயிறு பிடிப்பதை விடலாம் என்று பொருள். தரையிலேயே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், கூடவே பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

பாறையைத் துளைத்து இறக்கும் போல்ட் இல்லாமல் அமெரிக்கர்கள் ஏற மாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதே, அது பொய். 1981ல் யோசெமிட்டியின் டுவாலமி பகுதியில் ஜான் பாக்கரும் டேவ் யெரியனும் கீழிருந்து ஏறிக்கொண்டே துளையிட்ட தடத்தில், சுமார் 150 மீட்டருக்குப் பதின்மூன்றே போல்ட். நம் மாலம் சுண்ணாம்புப் பாறையிலோ போல்ட் வரிசையாகவே இருக்கிறது. கிரிட்ஸ்டோனில் ஒன்றுகூட அடிக்கக் கூடாது என்பதில் நாம் பிடிவாதம், அதை எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அகல விரிசலில் உங்களால் முடியாது என்று அவர்கள் ஆரம்பித்தால் டாம் ராண்டால், பீட் விட்டாக்கர் பெயரைச் சொல். ஷெஃபீல்டு வீட்டு நிலவறையில் மரத்தால் விரிசல் கட்டித் தலைகீழாகத் தொங்கிப் பழகிவிட்டு, 2011ல் யூட்டா போய் செஞ்சுரி கிராக்கை முடித்தார்கள். கூரை போல நீளும் அந்த விரிசல் 5.14பி. நம் கிரிட்டிலும் அவர்கள் ஆள் சளைத்தவர் இல்லை. பிளாக் ராக்ஸில் ஜானி டாஸ் முதலில் ஏறிய கையா என்ற தடத்தை, ஈ8, அமெரிக்கரான லிசா ரேண்ட்ஸ் முன்னால் போய் ஏறியிருக்கிறார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

அக்டோபரில் அவர்களை அழைத்து வருகிறாய் அல்லவா? முதல் நாள் ஸ்டானேஜில் ரைட் அன்கான்கரபிள் தடம், எச்விஎஸ் 5ஏ. 1949ல் ஜோ பிரவுன் ஏறியது. பட்டைப் பாறையின் பின்னால் கேம் நன்றாக உட்காரும், விளிம்பைக் கையால் இழுத்து, காலால் பாறையைத் தள்ளி ஏறும் லேபேக் அவர்களுக்குப் பிடிக்கும். உச்சியில் பிடியில்லாத உருண்டை விளிம்பில் வயிற்றை வைத்துத்தான் ஏற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வை. பிற்பகலில் வெயில் விழும், காலையிலேயே போய்விடலாம். கேம் இங்கே போதுமான அளவு இருக்கிறது, கார்ட்லெட்டும் சுமக்க வேண்டாம். டேப் மட்டும் அங்கிருந்து நாலு ரோல் வாங்கி வா.

அன்புடன்,
அம்மா