கழுத்தில் மூச்சு விடுபவருக்கு முகத்தில் ஆக்சிஜனா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தலை, கழுத்து அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூச்சுச் சிக்கல்கள் வராமல் தடுப்பது பற்றிய கட்டுரையை உங்கள் மருத்துவப் பக்கத்தில் படித்தேன். இரத்த ஆக்சிஜன் அளவு 94 முதல் 98 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது சரியே. இந்த நோயாளிகளில் பலர் நெடுநாள் புகைபிடித்தவர்கள். அவர்களில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்பதையும் சேர்த்திருக்கலாம். ஆனால் அந்த ஆக்சிஜன் எந்த வழியாக உள்ளே போகிறது, ஈரத்தோடு போகிறதா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தகைய வார்டில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த செவிலியர் என்பதால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

குரல்வளையை முழுவதும் அகற்றிய ஒருவருக்கு மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. கழுத்தில் உள்ள துளைதான் அவருக்கு மூக்கு. ஓர் இரவு வேறு பிரிவிலிருந்து அப்படி ஒருவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். முகத்தில் மாஸ்க் இறுக்கமாகக் கட்டியிருந்தது, ஆக்சிஜனும் சீறிக்கொண்டு ஓடியது. ஆனால் விரலில் மாட்டிய கருவியின் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அவரால் குரல் எழுப்ப முடியாது. கையால் கழுத்தையே காட்டிக்கொண்டிருந்தார். மாஸ்க்கைக் கழுத்துக்கு மாற்றி, சளியை உறிஞ்சி எடுத்த பிறகே எண் ஏறியது. அந்தக் கை இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

குரல்வளை இருக்க, மூச்சுக்குழலில் துளை மட்டும் போட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு நெருக்கடி வந்தால் முகத்திலும் கழுத்திலும், இரண்டு இடங்களிலும் ஆக்சிஜன் தர வேண்டும். பிரிட்டனில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே படுக்கையின் தலைமாட்டில் அட்டை மாட்டுகிறார்கள். துளை மட்டும் போட்டவருக்குப் பச்சை, குரல்வளை அகற்றியவருக்குச் சிவப்பு. அந்த ஓர் அட்டை இருந்திருந்தால் அன்றிரவு அவர் அப்படித் தவித்திருக்க மாட்டார்.

அடுத்தது ஈரம். நாம் இழுக்கும் காற்றை மூக்கும் தொண்டையும் உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஈரமாக்கித்தான் நுரையீரலுக்கு அனுப்புகின்றன. கழுத்துத் துளை அந்த வேலையைச் செய்யாது. உலர்ந்த ஆக்சிஜனை மணிக்கணக்கில் செலுத்தினால் சளி இறுகிப் பொருக்காகிறது; அதை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஓய்ந்துவிடுகின்றன. காலையில் உறிஞ்சு குழாயை விட்டால் பாதியிலேயே தட்டி நிற்கும். மூச்சுத் தடைக்கு மருந்தாகக் கொடுத்த ஆக்சிஜனே அடைப்புக்கு வழி செய்துவிடுகிறது.

அதனால்தான் காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரப்படுத்தி, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் உயர் ஓட்டக் கருவியைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அதை மூக்கிலும் பொருத்தலாம், கழுத்துக் குழாயிலும் பொருத்தலாம். ஆனால் மண்டையோட்டின் அடிப்பகுதியில் அறுவை செய்திருந்தால், அறுவை மருத்துவரைக் கேட்காமல் மூக்கு வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தக் கூடாது. கருவி இல்லாத இடத்தில் ஈரப்பதம் காக்கும் சிறு வடிகட்டியைக் குழாயின் வாயில் மாட்டினாலும் பெரும் உதவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீண்ட மயக்கத்துக்குப் பின் நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கிக் கிடக்கும். ஆக்சிஜனைக் கூட்டினால் எண் நன்றாகத் தெரியும், ஆனால் காற்றறைகள் விரியாது. கரியமில வாயு தேங்குவதும் அந்த எண்ணில் தெரியாது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைப்பது, மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து உட்காரவைப்பது, வாயைச் சுத்தமாக வைத்திருப்பது, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றை ஆக்சிஜன் ஈடுசெய்யாது. நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று அருகில் நின்று எண்ணவும் வேண்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உடனிருக்கும் குடும்பத்தினருக்காக ஒரு பெட்டிச் செய்தி சேர்க்க வேண்டுகிறேன். "இவர் எதன் வழியாக மூச்சு விடுகிறார்? கொடுக்கும் ஆக்சிஜனில் ஈரம் இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் புதிதாக வரும் செவிலியரிடம் கேட்கட்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் கேட்டவர்களுக்கு நான் நன்றிதான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்