பாட்டு வாசிப்பை நிறுத்தாதீர்கள்: மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு,

வணக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நடந்துவந்த பாட்டு வாசிப்பை நிறுத்திவிட்டதாக அறிவிப்புப் பலகையில் படித்தேன். இளைஞர்கள் வருவதில்லை, பக்திப் பாட்டுக்குக் கோயில் இருக்கிறது என்று இரண்டு காரணங்கள் எழுதியிருந்தீர்கள். இரண்டாவது காரணம் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அம்மா தாராவியில் முப்பது ஆண்டுகள் இட்லி வியாபாரம் செய்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். வெளிச்சம் வருவதற்குள் அப்பா பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கோயிலுக்குப் போக அம்மாவுக்கு நேரம் வாய்த்ததே இல்லை. ஆனால் மாலையில் உளுந்து ஆட்டும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தை முணுமுணுப்பார். இறைவன் நீராடுவதற்காகப் பெண்கள் கூடி, உலக்கை பிடித்து, வாசனைப் பொடி இடிக்கும் பாட்டு அது. ஒவ்வொரு பாட்டும் ‘சுண்ணம் இடித்தும் நாமே’ என்று முடியும். கை ஓய்ந்துபோகும் நேரத்தில் அந்த அடி வந்து தாங்கிக்கொள்ளும் என்பார். அவர் எழுதிவைத்த நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் மாவு பட்டுக் காய்ந்து அப்பளம்போல் விறைத்திருக்கிறது.

மாணிக்கவாசகர் இடிக்கிற பாட்டோடு நிற்கவில்லை. அம்மானை, ஊஞ்சல், ஒருத்தி கேட்க இன்னொருத்தி பதில் சொல்லும் சாழல் என்று பெண்கள் ஆடிய விளையாட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்பே, 7ஆம் நூற்றாண்டில், அப்பர் உண்மையை உழவாக்கி, விருப்பத்தை விதைத்து, பொய்யைக் களையாகப் பறித்து, பொறுமையை நீராகப் பாய்ச்சச் சொன்னார். வயலில் ஒருநாள் நின்றவனுக்கு இதற்கு உரை வேண்டாம். வேலையை விட்டுவிட்டு வா என்று இந்தப் பாட்டுகள் யாரையும் அழைக்கவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டன. அதனால்தான் இன்னும் இருக்கின்றன.

நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலும் அப்படித்தான். வெங்காயமும் முள்ளங்கியும் கீரையும் எல்லாம் பண்டரிபுரத்து இறைவனான என் விட்டலனே என்று பாடிய சாவதா மாளி ஒரு தோட்டக்காரர். வீட்டு வேலை செய்த ஜனாபாயின் அபங்கங்களில், அதாவது மராத்தி பக்திப் பாட்டுகளில், விட்டலனே வந்து அவரோடு திரிகை சுற்றுகிறான். அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஆட்டுக்கல்தான் நினைவுக்கு வந்தது. காலை லோக்கல் ரயிலில் அலுவலகம் போகிறவர்கள் தாளம் தட்டி பஜனை பாடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இளைஞர்கள் வராதது உண்மைதான். அதில் எங்கள் தவறும் இருக்கிறது. ஒரே மாலையில் இருபது பாட்டு பாடிவிட்டு, ஒன்றுக்கும் பொருள் சொல்லாமல் எழுந்து போனோம். இனி இரண்டு பாட்டு போதும். அது எந்த வேலையின் பாட்டு, உலக்கை எப்படிப் பிடிப்பார்கள், திரிகை எப்படிச் சுற்றும் என்று பேசுவோம். நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள். அபங்கத்தை அவர்கள் வாசித்து நமக்குச் சொல்லட்டும்.

ஒலிபெருக்கி வேண்டாம், தேநீர்ச் செலவும் என்னுடையது. வரும் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் நோட்டோடு வருகிறேன். மன்றத்தின் சாவியை யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
மன்றத்தின் பழைய உறுப்பினர் ஒருவர்,
மும்பை