நெறிமுறைக் குழுவினருக்கு, வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவன் எழுதுவது

மருத்துவக் கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் நெறிமுறைக் குழுவில் அமர்ந்து, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன், பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப் போகும், இதோ முடிந்தது கதை என்று தோன்றும். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இது பதற்ற நோய் என்று சொன்னவர் மூன்றாவதாகப் பார்த்த டாக்டர். ஒரு ஆய்வில் சேரும்படி சொன்னவரும் அவர்தான்: வாரம் ஒரு அமர்வாக 12 வாரம் சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் பேசியே மாற்றும் சிகிச்சை. கட்டணம் இல்லை. (பேச்சு சிகிச்சை என்று சொன்னால் திக்குவாய்க்கா என்று கேட்கிறார்கள். அதனால் இந்த மடலில் சிபிடி என்றே வைத்துக்கொள்கிறேன்.) குலுக்கலில் எனக்கு விழுந்தது இரண்டாவது குழு, அதாவது காத்திருப்போர் குழு. முதல் குழு முடித்த பிறகு எங்கள் முறை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பதற்றத்துக்கான உரையாடல் சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுத் திட்டம் மேசைக்கு வந்தால், ஒப்பீட்டுக்கு வெறும் காத்திருப்போர் பட்டியலை மட்டும் வைத்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஏன் என்று கேளுங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் எப்படி வேலை செய்யும் என்று ரயிலில் போகிற எவருக்கும் தெரியும். லிஸ்டில் 140வது இடம் என்றால் உடனே ஆம்னி பஸ்ஸில் டிக்கெட் போட்டுவிடுவோம். 4வது இடம் என்றால் போட மாட்டோம், சார்ட் வரும்வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் அந்த 4வது இடத்தில் 12 வாரம் உட்கார்ந்திருந்தேன். மைத்துனர் வேறொரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். என் முறைதான் வரப்போகிறதே என்று தட்டிக்கழித்தேன். காலை நடையைக்கூட, சிகிச்சை ஆரம்பித்தால் அவர்களே சொல்வார்கள் என்று தள்ளிப்போட்டேன். ஆய்வில் சேராமல் இருந்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றையாவது செய்திருப்பேன்.

இது என் ஒருவன் புலம்பல் இல்லை. ஜப்பானின் டோஷி ஃபுருகாவாவும் சகாக்களும் 2014இல் மனச்சோர்வு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்தச் சிகிச்சையும் தராமல் சும்மா விடப்பட்டவர்களைவிடக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களின் நிலை மோசமாக இருந்தது. பட்டியலே கெடுதல் செய்யக்கூடும் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார்கள். அது மனச்சோர்வைப் பற்றியது, பதற்றத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் படித்தபோது என்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

காத்திருப்போர் குழுவால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் ஆய்வில் சேர்கிறார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்ச நாளில் ஓரளவு இறங்கும். சராசரிக்குத் திரும்புதல் என்று வகுப்பில் சொல்வோம். அந்த இறக்கத்தைக் காத்திருப்போர் குழு பிடித்துவிடும். பிடிக்க முடியாதது வேறு. வாரம் ஒருமுறை ஒருவர் எதிரே உட்கார்ந்து முழுக் கவனத்தோடு கேட்பது, இனி சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, நோய்க்குப் பெயர் கிடைத்த நிம்மதி. இவையெல்லாம் சிபிடியின் கணக்கிலேயே வரவாகிவிடுகின்றன.

அவற்றைக் கழிக்கத்தான் மருந்துப்போலி. மாத்திரைக்கு அது சுலபம்: அதே நிறம், அதே அளவு, உள்ளே மருந்து மட்டும் இருக்காது. பேச்சுக்கு எப்படிச் செய்வது? அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹைம்பர்க் குழுவினர் 1990இல் செய்து காட்டினார்கள். நாலு பேர் முன் வாய் திறக்கவே நடுங்கும் சமூகப் பதற்றம் உள்ள 49 பேர். ஒரு குழுவுக்கு சிபிடி. இன்னொரு குழுவும் அதே 12 வாரம் கூடி உட்கார்ந்தது. பதற்றத்தைப் பற்றிப் பாடம், ஒருவருக்கொருவர் ஆதரவான பேச்சு, அவ்வளவுதான். இரண்டு குழுவும் முன்னேறின. சிபிடி குழு கூடுதலாக முன்னேறியது. அந்தக் கூடுதல்தான் சிபிடியின் சொந்தச் சம்பாத்தியம். 1998இல் அவர்களே 133 பேரோடு இன்னொரு ஆய்வு செய்து, இந்த இரண்டு குழுவோடு உண்மை மாத்திரையையும் போலி மாத்திரையையும் சேர்த்து நான்கையும் ஒன்றாகச் சோதித்தார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை.

ஒப்பீடு மாறினால் எண் எவ்வளவு மாறுகிறது என்பதையும் பாருங்கள். நெதர்லாந்தின் பிம் கொய்பர்ஸ் தலைமையில் 2016இல் வந்த தொகுப்பு, மனச்சோர்வுக்கும் மூன்று வகைப் பதற்றத்துக்கும் சிபிடி தந்த 144 ஆய்வுகளை அலசியது. காத்திருப்போரோடு ஒப்பிட்டால் பலன் பெரியது. வழக்கமான கவனிப்போடோ போலி மாத்திரையோடோ ஒப்பிட்டால் சிறியது முதல் நடுத்தரம் வரை. பதற்ற ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை காத்திருப்போரையே நம்பியிருந்தன. தரமான ஆய்வுகள் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. 2018இல் மருந்துப்போலியோடு ஒப்பிட்ட 41 ஆய்வுகளை மட்டும் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பில், நோய் அறிகுறிகளில் சிபிடியின் பலன் 0.56. என் பாஷையில் நடுத்தரம். நடுத்தரம் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிபிடி வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். எனக்கும் முறை வந்தபோது வேலை செய்தது. இப்போது பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறேன்.

'இதெல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம், இங்கே ஒப்பீட்டுச் சிகிச்சை கொடுக்க ஆள் ஏது' என்று ஆய்வாளர்கள் சொல்லக்கூடும். கோவாவைக் காட்டுங்கள். மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், பொது மருத்துவமனைக்கு வந்த, மனச்சோர்வும் பதற்றமும் கலந்த 450 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஃப்ளூவோக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை, போலி மாத்திரை, உளவியல் சிகிச்சை. இரண்டு மாதத்தில் உண்மை மாத்திரை போலியை முந்தியது. உளவியல் சிகிச்சை முந்தவில்லை. போலி மாத்திரைக்குப் பதில் காத்திருப்போர் பட்டியலை வைத்திருந்தால், அந்தச் சிகிச்சை வெற்றி என்றே அறிக்கை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் அவர்கள் அதோடு நிறுத்திவிடவில்லை. உள்ளூர் ஆட்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து, 2010இல் 24 சுகாதார மையங்களில் சோதித்தார்கள். அரசு மையங்களில் பலன் தெரிந்தது, தனியார் டாக்டர்களிடம் தெரியவில்லை. இப்படிப்பட்ட சங்கடமான பதில்தான் நமக்கு வேண்டும். எங்கே பணத்தைப் போடலாம் என்று அரசுக்கு அது சொல்லும்.

நெறிமுறை உங்கள் துறை, அதிகம் பேசமாட்டேன். ஆனால் பலன் நிரூபணமான சிகிச்சை இருக்கும்போது புதியதை அதனோடுதான் ஒப்பிட வேண்டும், விலக்கு வேண்டுமென்றால் வலுவான காரணம் சொல்ல வேண்டும் என்பது மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சின்கி பிரகடனத்தின் நிலைப்பாடு. போலி மாத்திரை என்று ஒருவர் எழுதி வந்தால் குடைந்து குடைந்து கேட்கிறீர்கள். காத்திருப்பு என்று எழுதி வந்தால், மாத்திரை எதுவும் இல்லாததாலோ என்னவோ, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறது.

பட்டியல் தவிர வேறு வழியே இல்லையென்றால், சம்மதப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'காத்திருக்கும் நாட்களில் நீங்கள் வேறு சிகிச்சை எடுக்கலாம்; எடுத்தாலும் உங்கள் இடம் போகாது.' நான் கையெழுத்திட்ட படிவத்தில் அது இல்லை. உங்கள் குழுவில் மருத்துவம் சாராத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி அல்லவா? படிவத்தை அவரிடம் கொடுத்து, இதைப் படித்தால் என்ன புரிகிறது என்று கேளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெண் போன் செய்து, பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்விகளுக்கு மதிப்பெண் கேட்பார், மொத்தம் 21க்கு. மூன்றாவது அழைப்பு வந்த வாரம் எனக்கு உண்மையில் கொஞ்சம் தேவலையாக இருந்தது. குறைத்துச் சொன்னால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அந்த ஆய்வின் தரவில் என் மூன்றாவது மதிப்பெண் 14 என்று இருக்கும். அது 11.

இப்படிக்கு,
இரண்டாவது குழுவில் இருந்த ஒரு புள்ளியியல் ஆசிரியர்