தாராவி 90 அடி ரோடு தையல்கார அண்ணாவுக்கு

அண்ணா, யானை வேஷத்துக்குப் பக்கத் தையல் போடத்தான் உங்களிடம் கொடுத்தோம். விடிந்தால் பிள்ளைக்கு மாறுவேடப் போட்டி.

தும்பிக்கை முழுக்கப் பஞ்சு. அந்தக் கனம் முன்னால் இழுத்து, தொப்பி கண்ணை மறைத்தது. தெர்மாகோல் காதிலோ ரப்பர் பசை பட்ட இடமெல்லாம் ஓட்டை. பசையிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

கேட்காமலே தையலைப் பிரித்தீர்கள். பஞ்சை உருவிவிட்டு 6 அட்டை வளையங்களை உள்ளே வைத்துத் தைத்தீர்கள். மேலே 4 அங்குலம், நுனிக்கு வர வர 2 அங்குலம். உள்ளே வெறும் காற்று. கனமே இல்லை, அசைத்தால் நிஜத் தும்பிக்கை போலவே வளைகிறது! தொப்பிக்குப் பின்னால் 1 அங்குல எலாஸ்டிக்.

காதுக்கு உங்கள் கடையிலிருந்தே 5 மில்லிமீட்டர் ஃபோம் எடுத்தீர்கள். ஒட்டவேண்டிய இரண்டு பக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, ஒரு 10 நிமிடம், காயவிட்டு அழுத்தினீர்கள். ஈரத்தோடு ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்; அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு அது. காதின் அடியில் விரற்கடை அளவு ஒரு மடிப்புப் பிடித்தீர்களே, அதில்தான் தட்டையாகத் தொங்கிய காது முன்னால் விரிந்து நின்றது. முதுகில் ஜிப்பை எடுத்துவிட்டு வெல்க்ரோ. பிள்ளைக்கு பாத்ரூம் அவசரம் வந்தால் ஒரே இழுப்பு.

இத்தனைக்கும் பக்கத் தையல் கூலி மட்டுமே வாங்கினீர்கள். உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. தாராவிப் பக்கம் இதை வாசிப்பவர்கள் அவரிடம் காட்டுங்கள். மழலை யானை மேடையில் ஒருமுறைகூடத் தொப்பியைத் தொடவில்லை என்று சொல்லுங்கள்.