அம்மிணி, வெல்டிங் வைக்க அவசரப்படாதே

அம்மிணி,

டிராக்டர் முன்னால் மண் அள்ள மாட்டுகிற லோடர் பக்கெட் ஆடுகிறது என்று நீ அனுப்பின வீடியோவை நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். பேத்தி வீடியோவாக்கும் என்று உங்கம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள், வந்து பார்த்தால் இரும்புத் தொட்டி ஆடுகிறது, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அந்த லொடலொட சத்தம் கேட்டதுமே பட்டறை ஞாபகம். மூடி ஆறு வருஷமாச்சு, காது மட்டும் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

மாப்பிள்ளை சனிக்கிழமை வெல்டிங் மெஷின் வாடகைக்கு எடுத்து, பக்கெட் மாட்டுகிற இடத்தில் சுற்றிலும் வைத்து இறுக்கிவிடப் போகிறார் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறுக்கச் சொல். ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்காமல் வெல்டிங் ராடைக் கையில் எடுக்கக் கூடாது.

ஆட்டம் இரண்டு இடத்தில் வரலாம். லோடர் கை இரண்டும் போய் முடிகிற இடத்தில் ஒரு தகடு இருக்கிறதல்லவா, அது பின் என்கிற அச்சிலும், அதைச் சுற்றி இருக்கிற புஷ் என்கிற வளையத்திலும் நிற்கிறது. அங்கே தேய்ந்திருந்தால் தகடும் பக்கெட்டும் ஒன்றாகச் சேர்ந்து ஆடும். இன்னொன்று, அந்தத் தகட்டுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில், இரண்டையும் சேர்க்கிற பூட்டில். இரண்டுக்கும் ஒரே சத்தம்தான், வைத்தியம் வேறே. பேத்தியிடம் சாக்பீஸ் இருக்குமே, வாங்கி, தகட்டின் மேலிருந்து பக்கெட் மேல் வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிடு. பக்கெட் தரையில் இருக்கட்டும், மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்து லீவரை மெதுவாக அசைக்கட்டும், நீ எட்டி நின்று பார். கோடு இரண்டாக விலகினால் பூட்டில் ஆட்டம். கோடு நேராகவே நின்று, கை சேருகிற இடத்தில் அசைந்தால் பின், புஷ் போயிருக்கிறது, அதைக் கடைந்து மாற்றத்தான் வேண்டும், வெல்டிங்கில் தீராது. ஜேசிபிக்கு நான் கடைந்த புஷ்ஷை எல்லாம் அடுக்கினால் நம்ம வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். விரலை மட்டும் அந்த இடுக்கில் விட்டுத் தடவிப் பார்க்காதே.

வீடியோவைப் பார்த்தால் எனக்குப் பூட்டு மேல்தான் சந்தேகம். இந்த மாதிரிப் பூட்டை ரோடு வேலைக்கு வந்த பாப்கேட் என்கிற சின்ன லோடர் வண்டியில் பார்த்திருக்கிறேன். தகட்டின் மேல் விளிம்பு பக்கெட்டின் உதட்டுக்குள் போய் உட்காரும், கீழே இரண்டு கைப்பிடியையும் தள்ளினால் இரண்டு ஆப்பு இறங்கிப் பக்கெட்டின் துளைக்குள் போகும். ஆப்பு என்று தெரிந்தேதான் சொல்கிறேன், அதன் நுனி சாய்வாக இருக்கும். மம்பட்டிக் கம்புக்கு ஆப்பு அடிக்கிற சங்கதிதான், தேயத் தேய இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இறங்க இடமில்லாமல் போகிற அன்றைக்குத்தான் லொடலொட. அதனால் கைப்பிடியைத் தள்ளும்போது கைக்கு என்ன தெரிகிறது என்று பார். கடைசியில் ஒரு இறுக்கம் தெரிந்தால் ஆப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். உங்கள் ஊரில் மைனஸ் பதினைந்து என்கிறாய், பனியும் சேறும் மேல் உதட்டுக்குள் போய்க் கெட்டியாக உறைந்திருக்கும். அதற்கு மேல் தகடு உட்கார்ந்தால் சரியாகப் படியாது, ஆப்பும் முழுசாக இறங்காது. பக்கெட்டைக் கழற்றி, மேலேயும் கீழேயும் சுரண்டி, வெறும் இரும்பு தெரிகிற மாதிரி துடைத்து மாட்டிப் பார். பாதி ஆட்டம் அங்கேயே போனாலும் போகும்.

அப்புறமும் ஆடினால் உன்னிடம் இருக்கிற அந்த முட்கரண்டியை, பேலட் தூக்குகிறதை, மாட்டிப் பார். அது ஆடாமல் பக்கெட் மட்டும் ஆடினால் குறை பக்கெட்டில். இரண்டும் ஆடினால் ஆப்பும் தகடும்தான் தேய்ந்திருக்கிறது, ஆப்பையும் ஸ்பிரிங்கையும் புதுசாக வாங்கிப் போடுவதுதான் நல்லது. இந்தப் பூட்டுக்கு ஐஎஸ்ஓ 24410 என்று அளவுக் கணக்கே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்காரன் பக்கெட்டும் ஒவ்வொரு மாதிரித்தான் வரும், புதுசே ஆடுவதும் உண்டு.

பக்கெட்தான் என்றால் ராடு பிடிக்கலாம், ஆனால் பக்கெட்டில் மட்டும். டிராக்டர் தகட்டில் வைத்து ஏற்றிவிட்டால் நாளைக்கு முட்கரண்டி ஏறாது. பக்கெட்டைக் கழற்றித் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பு உரசுகிற விளிம்பு பளபளவென்று இருக்கும், அந்த விளிம்பில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிட்டு 7018 நம்பர் வெல்டிங் ராடில் ஒரு வரி ஏற்றி, கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மாட்டி மாட்டிப் பார்க்கட்டும். ராடு ஈரமாகக் கூடாது. அந்தக் குளிரில் இரும்பைச் சூடு காட்டாமல் வைத்தால் வெடிப்பு விடும். மேல் உதட்டில் இடைவெளி இருந்தால் 3 மி.மீ. பட்டையை உள்ளே புள்ளி புள்ளியாக டாக் வைத்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்தால் முழுசாக வைக்கலாம். ரொம்பவும் இறுக்கிவிட வேண்டாம். ஆப்பு முழுசாக இறங்காமல் கைப்பிடி பாதியில் நின்றால் ஆட்டத்தை விட அது மோசம், பக்கெட் கழன்று விழும்.

சின்ன ஆட்டம்தானே என்று மாப்பிள்ளை கேட்பார். தகடு ஒன்றரை அடி உயரம், பக்கெட் நுனி இரண்டரை அடி தள்ளி என்று வை, அடியில் 2 மி.மீ. ஆட்டம் நுனியில் 3 மி.மீ.-க்கு மேல் வந்துவிடும். ஒவ்வொரு இடிக்கும் அந்த விளிம்பு சம்மட்டி அடி வாங்குகிறது.

டிராக்டரில் எதையாவது வெல்டிங் வைத்தே ஆகவேண்டும் என்றால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல். இது நான் காசு கொடுத்துக் கற்றது. அறுப்பு சமயத்தில் ஒருத்தர் டிராக்டரைக் கொண்டுவந்து அவசரம் என்றார், நானும் பேட்டரியைக் கழற்றாமலே வைத்தேன், ஆல்டர்னேட்டர் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது ஆல்டர்னேட்டர் வாங்கி மாட்டிக் கொடுத்தேன், அன்றைக்கு உங்கம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

எல்லாம் முடிந்து மாட்டினதும், ஆப்பு இரண்டும் துளைக்குக் கீழே எட்டிப் பார்க்கிறதா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, பக்கெட் நுனியைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்த பிறகுதான் தூக்க வேண்டும்.

கோடு போட்டதும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. உங்களுக்கு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் முழித்துத்தான் இருப்பேன். கூடவே பேத்தியையும் ஒன்று எடுத்து அனுப்பிவிடு, இங்கே அடுப்படியில் இன்னும் கோபம் தணியவில்லை.

அப்பா