பெயரால் வந்த பிழை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரியில் மாணவர்களுக்கு, செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியைக் கற்பித்து வருகிறேன். பச்சைத் தேயிலை எடைக்கணக்கு நிரல் எழுதிய மாணவி ஒருவர், விவசாயியின் பெயரைப் பதியும் இடத்திற்கு 'நேம்' என்று பெயரிட்டார். அம்மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளான மாஸ்ம் அசெம்பிளரில் அது ஒதுக்கப்பட்ட சொல் (நாம் பெயராக வைக்க முடியாதது) என்பதால், பிழை எங்கே என்று தேடுவதிலேயே ஒரு மாலை (மின்வெட்டு வேறு) கழிந்தது. 'ஆப்ஷன் நோகீவேர்டு' என்ற ஒரே வரியால் அச்சொல்லை விடுவிக்கலாம். நாஸ்ம் என்ற மற்றோர் அசெம்பிளரில், ரெஜிஸ்டரின் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) பெயரையே வைத்திருந்தாலும், முன்னால் டாலர் குறி இட்டால் போதும். ஜேவாஸ்ம் என்ற இன்னோர் அசெம்பிளரில் கட்டளைக்கே வேறு பெயர் சூட்டவும் வழியுண்டு என்றாலும், தரவை நகலெடுக்கும் 'மூவ்' கட்டளையை 'நகர்த்து' என்று மாற்றிய நிரலை அடுத்தவர் படிக்கத் திணறுவார் என்பதால் அதை நான் ஊக்குவிப்பதில்லை. முதல் செய்முறை வகுப்பிலேயே இத்தகைய பெயர் மோதலை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டும் பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.